ஒரு இழை இருந்தால் போதும்: டி.என்.ஏ. பற்றி வாசகர் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும், கலத்துக்குள் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் நூலான டி.என்.ஏ. பற்றிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு இம்முறை சேர்த்தே பதில் சொல்கிறோம். கலம் (செல்), நிறமூர்த்தம் (குரோமோசோம்), நொதியம் (என்சைம்) ஆகிய பாடநூல் சொற்களை அப்படியே வைத்திருக்கிறோம். அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்ற, டி.என்.ஏ.யின் எழுத்துகளான நான்கு மூலங்களையும் அ, தை, கு, சை எனச் சுருக்கி எழுதியுள்ளோம்.

உயர்தர உயிரியல் மாணவி, உவர்மலை: டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் 'எதிர்ச் சமாந்தரம்' என்று ரீச்சர் சொல்கிறா. பாடமாக்கிவிட்டேன், ஆனால் விளங்கவில்லை. நிரப்பு இழையை எழுதச் சொன்னால் எனக்கு எப்போதும் பிழைக்கிறது.

பெரும்பாலானோருக்குச் சோடி சேர்ப்பதில் பிழைப்பதில்லை, திசையில்தான் பிழைக்கிறது. திருவிழா நாளில் கோட்டை வாசலால் கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசை ஏறுகிறது, பக்கத்து வரிசை இறங்குகிறது. இரண்டும் ஒரே பாதையில், ஒன்றையொன்று ஒட்டியபடி, ஆனால் எதிர்த் திசைகளில். டி.என்.ஏ.யின் இரு இழைகளும் அப்படித்தான்.

திசை எங்கிருந்து வருகிறது? இழையின் முதுகெலும்பு வெல்லமும் பொஸ்பேற்றும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. அந்த வெல்லத்தில் உள்ள ஐந்து காபன்களுக்கு 1′ முதல் 5′ வரை இலக்கம் உண்டு. 1′ காபனில் மூலம் ஒட்டியிருக்கும். 5′ காபனில் உள்ள பொஸ்பேற்று முந்திய வெல்லத்தின் 3′ காபனைப் பிடித்திருக்கும். ஆகவே எந்த இழைக்கும் ஒரு முனையில் பொஸ்பேற்று மிஞ்சும், அது 5′ முனை. மறுமுனையில் ஐதரொட்சைல் மிஞ்சும், அது 3′ முனை.

இப்போது 5′-அ தை கு சை சை கு-3′ என்று தந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அ எதிரே தை, கு எதிரே சை என நேர் கீழே எழுதினால் 3′-தை அ சை கு கு சை-5′. 5′ முனையிலிருந்து எழுதச் சொன்னால் அதைப் புரட்டி 5′-சை கு கு சை அ தை-3′ என்று எழுத வேண்டும். முனை இலக்கங்களை முதலில் எழுதிவிட்டுப் பிறகு எழுத்துகளை நிரப்பினால் பிழைக்காது.

அ எப்போதும் தை உடனும், கு எப்போதும் சை உடனும் சேருவதற்குக் காரணம் அளவும் ஐதரசன் பிணைப்புகளின் பொருத்தமும். அ, கு இரண்டும் இரட்டை வளையம் கொண்டவை. தை, சை இரண்டும் ஒற்றை வளையம் கொண்டவை. பெரியதும் சிறியதும் சேர்ந்தால்தான், ஏணிபோல நிற்கும் இரு இழைகளின் அகலம் எங்கும் 2 நனோமீற்றராக ஒரே சீராக இருக்கும். அ–தை இடையே 2 ஐதரசன் பிணைப்புகள், கு–சை இடையே 3.

1000 சோடி கொண்ட துண்டில் அ 30% என்றால் பிணைப்புகள் எத்தனை என்று செய்து பாருங்கள். மொத்த மூலங்கள் 2000. அ 600 என்பதால் அ–தை சோடிகள் 600, பிணைப்புகள் 1200. மிச்சம் 400 கு–சை சோடிகள், பிணைப்புகள் 1200. விடை 2400. அ = தை என்ற இந்தக் கணக்கு இரட்டை இழைக்கு மட்டுந்தான் செல்லும். சில வைரஸ்களில் ஒற்றை இழை டி.என்.ஏ. இருக்கிறது, அங்கே இதைப் போடக்கூடாது.

இந்த அமைப்பை விஞ்ஞானிகளான வற்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25இல் வெளியிட்டார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது ரோசலிண்ட் பிராங்ளினின் ஆய்வுகூடத்தில் 1952இல் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம். அவர் 1958இல் இறந்தார், நோபல் பரிசு 1962இல் வேறு மூவருக்குப் போனது. அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது நியாயமில்லை.

விஞ்ஞான ஆசிரியர், தம்பலகாமம்: வகுப்பில் வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துக் காட்ட முயன்றேன். பழத்தை பிளெண்டரில் இரண்டு நிமிடம் அடித்து, சவர்க்காரத் திரவம் சேர்த்துக் குலுக்கி, பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டை ஊற்றினேன். நுரைதான் வந்தது.

மூன்று இடங்களில் பிழைத்திருக்கிறது. பிளெண்டரின் அலகு நீண்ட இழைகளைச் சிறு துண்டுகளாக்கிவிடும், துண்டு இழை குச்சியில் சுற்றாது. குலுக்கியதால் நுரை வந்தது. மூன்றாவதுதான் முக்கியம்: பாமசி ஸ்பிரிட் பெரும்பாலும் 70%. அதைப் பழச்சாற்றுடன் சம அளவில் கலந்தால் 35% ஆகிவிடும். டி.என்.ஏ. நன்றாக வெளியே படிய ஏறத்தாழ 65% வேண்டும். 95% எதனோல் அல்லது 99% ஐசோபுரொப்பைல் அற்ககோல் வாங்குங்கள். மூடியை இறுக்கி இரண்டு மணித்தியாலம் பிரீசரில் வையுங்கள்.

செய்முறை இது. நன்கு பழுத்த கோழிக்கூட்டு வாழைப்பழம் 50 கிராம் எடுத்து, பொலித்தீன் பையில் போட்டுக் கையால் பிசையுங்கள், கட்டி இல்லாமல் வரவேண்டும். அரைக் கோப்பை தண்ணீரில், அதாவது ஏறத்தாழ 90 மில்லிலீற்றரில், அரைத் தேக்கரண்டி உப்பையும் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தையும் நுரையெழாமல் கரையுங்கள். பழத்தோடு சேர்த்துப் பத்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். தேநீர் வடியில் மெல்லிய பருத்தித் துணி விரித்து வடியுங்கள். துணியைப் பிழியவேண்டாம், பிழிந்தால் சக்கையும் வரும். வடிந்ததில் 5 மில்லிலீற்றரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சில துளி புது அன்னாசிச் சாறு விட்டு மூன்று நிமிடம் வையுங்கள். ரின்னில் அடைத்த அன்னாசி வேண்டாம், சூடாக்கியதில் அதன் நொதியம் செத்திருக்கும். குழாயைச் சாய்த்து, குளிர்ந்த அற்ககோல் 10 மில்லிலீற்றரைச் சுவரோரமாக வழியவிடுங்கள். இரண்டு திரவங்களும் கலக்காமல் தட்டாக நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் எல்லைக்கோட்டில் வெண்ணிற நூல்கள் எழும். தென்னோலை ஈர்க்கால் ஒரே பக்கமாகச் சுற்றி எடுங்கள்.

சவர்க்காரத் திரவம் கொழுப்பாலான மென்சவ்வுகளைக் கரைக்கிறது. உப்பின் சோடியம் பொஸ்பேற்றின் எதிர் மின்னேற்றத்தை மறைக்கிறது, அப்போதுதான் இழைகள் ஒன்றையொன்று தள்ளாமல் சேரும். அன்னாசிச் சாறு இழையோடு ஒட்டிய புரதத்தைச் சிதைக்கிறது. நாம் உண்ணும் வாழையினங்களில் பெரும்பாலானவை மும்மடியம், நிறமூர்த்தத் தொகுதி மூன்று கொண்டவை என்பதால் இந்த வேலைக்கு வாழை நல்லது.

மாணவருக்கு ஒன்றை மறைக்கவேண்டாம்: ஈர்க்கில் வருவது தூய டி.என்.ஏ. இல்லை, டி.என்.ஏ.யை ஒத்த ஆர்.என்.ஏ.யும், பழத்தின் களிப்பொருளான பெற்றினும், கொஞ்சம் புரதமும் கூடவே இருக்கும். ஈர்க்கில் சுற்றாமல் களியாகத் தொங்கினால் அது பெரும்பாலும் பெற்றின்தான். அற்ககோல் எளிதில் தீப்பற்றும், ஆகவே வகுப்பில் எந்த நெருப்பும் இருக்கக்கூடாது.

சுற்றுலாப் படகு ஓட்டுநர், நிலாவெளி: நாங்கள் பயணிகளுக்குக் காட்டும் நீலத் திமிங்கிலம் உலகிலேயே பெரிய உயிர். அதன் டி.என்.ஏ.யும் எங்களுடையதைவிட நீளமா?

இல்லை. நீலத் திமிங்கிலத்துக்கு 44 நிறமூர்த்தங்கள், நமக்கு 46. அதன் டி.என்.ஏ. நம்முடைய 310 கோடி சோடியைவிடச் சற்றுக் குறைவு. வீட்டில் கறிக்கு வெட்டும் பெரிய வெங்காயத்தில் நம்முடையதைப் போல் ஐந்து மடங்கு இருக்கிறது! நெல்லில் ஏறத்தாழ 40 கோடி சோடிதான். உடலின் பருமனுக்கும் நூலின் நீளத்துக்கும் தொடர்பில்லை. நீண்ட பகுதிகள் பல, புரதம் எதையும் குறிக்காமல் திரும்பத் திரும்ப வருபவை.

முச்சக்கரவண்டிச் சாரதி, பாலையூற்று: மகனின் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கலத்துக்குள் 2 மீற்றர் நூலாம். பிரதி எடுக்கும்போது சிக்கு விழாதா? ஒரு இழை நேராக வளர, மற்றது ஏன் துண்டு துண்டாக வளருகிறது?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். கலத்துக்குள் இந்த நூல் இருக்கும் கருவின் விட்டம் ஏறத்தாழ 6 மைக்ரோமீற்றர், ஒரு மில்லிமீற்றரில் 160இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் 2 மீற்றர் அடங்குவது நூலைக் கட்டைகளில் சுற்றி வைத்திருப்பதால். ஹிஸ்டோன் என்ற எட்டுப் புரதங்கள் ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் 147 சோடி நீளம் சுற்றியிருக்கும்.

சிக்கு விழத்தான் பார்க்கும். படகுக் கயிற்றின் இரண்டு புரிகளை ஒரு முனையில் பிரித்து இழுத்துப் பாருங்கள், முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போய்க் கயிறு மடங்கும். டி.என்.ஏ.யில் ஒரு சுற்றுக்கு 10.5 சோடி. பற்றீரியாவில் பிரிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 1000 சோடி வேகத்தில் போகிறது, அதாவது வினாடிக்கு 100 சுற்றுக்குக் கிட்ட முறுக்கு ஏறுகிறது. அந்த முறுக்கை இறக்கவென்றே தோப்போஐசோமரேஸ் என்ற நொதியம் முன்னால் நின்று இழையை வெட்டி, முறுக்கைத் தளரவிட்டு, மீண்டும் ஒட்டுகிறது. அது நின்றால் கலம் பிரியாது. சிப்ரோபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை பற்றீரியாவில் தடுப்பது இந்த நொதியத்தைத்தான்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது. ஹெலிகேஸ் புரிகளைப் பிரிக்கிறது. பிரிந்தவை திரும்பச் சேராமல் சிறு புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. பிறைமேஸ் ஏறத்தாழ 10 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. தொடக்கத் துண்டொன்றை வைக்கிறது, ஏனெனில் பிரதி எடுக்கும் டி.என்.ஏ. பொலிமரேசுக்கு வெறும் தரையில் தொடங்கத் தெரியாது. பிறகு பொலிமரேஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்க்கிறது, 3′ முனையில் மட்டும்.

அதனால்தான் துண்டு வருகிறது. இரண்டு இழைகளும் எதிர்த் திசைகளில் ஓடுவதால், பிரியும் கவையை நோக்கி ஒன்றில்தான் தொடர்ந்து வளர முடியும். மற்றதில் பின்னோக்கி எழுதி, திரும்ப முன்னே வந்து, மீண்டும் பின்னோக்கி எழுத வேண்டும். நமது கலங்களில் அந்தத் துண்டுகள் 100 முதல் 200 எழுத்து, பற்றீரியாவில் 1000 முதல் 2000. 1960களில் இவற்றைக் கண்ட ஜப்பானியத் தம்பதி ரெய்ஜி, சுனேகோ ஒகசாகியின் பெயரே இவற்றுக்கு இட்ட பெயர். கடைசியில் ஆர்.என்.ஏ. துண்டுகளை நீக்கி இடைவெளியை நிரப்பியதும், லிகேஸ் மூட்டை ஒட்டுகிறது.

5′ பக்கமாக வளரும் நொதியம் ஒன்றை இயற்கை வைத்திருக்கக் கூடாதா என்று மகன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். இணைப்புக்கான சக்தியைப் புதிதாக வரும் எழுத்தே மூன்று பொஸ்பேற்றுகளாகச் சுமந்து வருகிறது. பிழையான எழுத்தை வெட்டி எறிந்தாலும் அடுத்த எழுத்து தன் சக்தியோடு வரும், வேலை தொடரும். 5′ பக்கமாக வளர்ந்தால் சக்தி சங்கிலியின் முனையில் இருக்கும். பிழையை வெட்டும்போது அதுவும் போய்விடும், வளர்ச்சி நின்றுவிடும். பிழை திருத்த வசதியாகவே இந்தச் சுற்றுவழி.

திருத்தம் எவ்வளவு என்றால், பொலிமரேஸ் முதலில் இலட்சத்துக்கு ஒன்று பிழைக்கிறது. நமது ஒரு கலத்தின் 620 கோடி சோடிக்கு அது 62,000 பிழை. எழுதியதை உடனே தடவிப் பார்த்துத் திருத்துவதால் நூறில் ஒன்றாகக் குறைகிறது, 620. பின்னால் வரும் இன்னொரு குழு பொருந்தாத சோடிகளைத் தேடித் திருத்துகிறது. முடிவில் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகவே பிழை மிஞ்சுகிறது. இரண்டாவது குழு பழுதான குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே வருவதுண்டு.

நேரம்? நமது பொலிமரேஸ் வினாடிக்கு ஏறத்தாழ 50 எழுத்து. முதலாம் நிறமூர்த்தத்தின் 24 கோடியே 90 இலட்சம் சோடியை ஒரு முனையிலிருந்து எழுதினால் ஏறத்தாழ 58 நாள் ஆகும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரேநேரம் தொடங்குவதால் ஏறத்தாழ 8 மணித்தியாலத்தில் முடிகிறது.

ஒவ்வொரு புதிய நூலிலும் ஒரு புரி பழையது, ஒரு புரி புதியது. மெசல்சனும் ஸ்ராலும் 1958இல் இதைக் காட்டினார்கள். கனமான நைதரசனில் வளர்த்த பற்றீரியாவைச் சாதாரண நைதரசனுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் அதன் டி.என்.ஏ. கனத்துக்கும் இலேசுக்கும் நடுவே ஒரே பட்டியாக நின்றது. அடுத்த தலைமுறையில் நடுப்பட்டியும் இலேசுப்பட்டியுமாக இரண்டு.

மீனவர், சாம்பல்தீவு: வெயில் டி.என்.ஏ.யைப் பழுதாக்கும் என்கிறார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து வெயிலில்தானே?

உண்மைதான். புற ஊதாக் கதிர் பட்டால் பக்கம் பக்கமாக உள்ள இரண்டு தை எழுத்துகள் எதிர்ச் சோடியைவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தோலின் கலங்கள் பழுதைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்தை வெட்டியெடுத்து, மறு இழையைப் பார்த்து நிரப்பிவிடுகின்றன. கறுத்த தோலின் மெலனின் கதிரைப் பெருமளவு தடுக்கிறது, ஆனால் முழுதாக அல்ல. கண்ணுக்கு அந்தக் காவல் குறைவு. காலை 10 முதல் பிற்பகல் 3 வரை அகன்ற தொப்பியும் நீண்ட கை சேட்டும் போடுங்கள். நீரிலிருந்து தெறிக்கும் வெயிலையும் கணக்கில் எடுங்கள்.

தந்தை ஒருவர், கிண்ணியா: அஸ்ஸலாமு அலைக்கும். மகளை என் தங்கச்சியின் மகனுக்குப் பேசியிருக்கிறோம். தலசீமியா பார்க்கச் சொல்கிறார்கள். இருவரும் நல்ல சுகம். ஏன் பார்க்க வேண்டும்?

வஅலைக்கும் ஸலாம். தலசீமியா பரம்பரையாக வரும் ஒரு குருதி நோய். அதன் நோய்க்காவிகள் சுகமாகத்தான் இருப்பார்கள். குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபினின் பீற்றா சங்கிலிக்குரிய பரம்பரை அலகு (ஜீன்) 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தெற்காசியாவில் அதிகம் காணப்படும் பழுது, அதன் ஒரு குறித்த இடத்தில் கு இருக்க வேண்டிய இடத்தில் சை வந்திருப்பது. ஒரே ஒரு எழுத்து! தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. இரண்டிலும் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும்.

மாமன் மாமி பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பரம்பரை அலகுகளைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள், அதனால் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே 25%.

முதலில் முழுக் குருதிப் பரிசோதனை எடுங்கள். செங்குருதிக் கலத்தின் அளவைக் காட்டும் எம்.சி.வி. 80க்குக் கீழே, அல்லது அதிலுள்ள ஈமோகுளோபின் அளவைக் காட்டும் எம்.சி.எச். 27க்குக் கீழே இருந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை வேண்டும். அதில் ஈமோகுளோபின் ஏ2 3.5%க்கு மேல் போனால் பீற்றா தலசீமியாக் காவி. இரும்புச்சத்துக் குறைவும் எம்.சி.வி.யைக் குறைக்கும், ஏ2ஐயும் குறைத்துக் காவியை மறைத்துவிடும். ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து பிறகு மீண்டும் பாருங்கள். ஒருவர் பீற்றா காவி, மற்றவர் ஈமோகுளோபின் ஈ என்ற மாறிய வகையின் காவி என்றாலும் ஆபத்துத்தான், எச்.பி.எல்.சி. அதையும் காட்டும். பரிசோதனையைத் திருமணப் பேச்சோடு சேர்த்தே செய்யுங்கள், அறிக்கையை இரு வீட்டாரும் வைத்தியரோடு ஒன்றாக இருந்து பாருங்கள்.

சகோதரி ஒருவர், சம்பூர்: தம்பி காணாமல் போய்ப் பல வருடம். அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. தம்பியின் சீப்பும் ஒரு சேட்டும் பெட்டிக்குள் இருக்கின்றன. எங்காவது எலும்பு கிடைத்தால் அவனா என்று சொல்ல முடியுமா? இவற்றை என்ன செய்ய வேண்டும்?

அக்கா, முடியும். ஆனால் சீப்பைவிட, சேட்டைவிட, அம்மாவின் மாதிரிதான் முதலில் வேண்டும். அம்மா உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்து வையுங்கள்.

நமது நிறமூர்த்தங்களில் நாலெழுத்துத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒருவருக்கு 8 தடவை, இன்னொருவருக்கு 11 தடவை. இப்படி 20 இடங்களளவில் பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு எண்கள், ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. தாய் என்றால் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று பொருந்தியே ஆகவேண்டும். சகோதரருக்கு அந்த உறுதி இல்லை, சராசரியாகப் பாதிதான். அம்மா மட்டும் இருந்தால் சகோதரர், தம்பியின் மனைவி பிள்ளைகள் எல்லோருடைய மாதிரியும் சேர்ந்து பலம் கொடுக்கும். 2004 கடல்கோளுக்குப் பின் கல்முனையில் ஒரு கைக்குழந்தையின் பெற்றோரை 2005 பெப்ரவரியில் உறுதி செய்ததும் டி.என்.ஏ. பரிசோதனைதான்.

கருவுக்கு வெளியே, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியிலும் (மைற்றோகொண்ட்ரியா) 16,569 சோடி கொண்ட சிறு வளைய டி.என்.ஏ. இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டும் வரும். ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பழைய எலும்பிலும் தப்பி நிற்கும். ஆனால் தாய்வழி உறவினர் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், 'இவரில்லை' என்று சொல்லத்தான் அது உறுதியானது.

எலும்பில் மிஞ்சுவது மிகச் சிறிதளவு. அதைப் பெருக்கத்தான் பி.சி.ஆர். முறை: 95 பாகையில் இழைகளைப் பிரித்து, 55 முதல் 60 பாகையில் தொடக்கத் துண்டை ஒட்டி, 72 பாகையில் எழுதவிடுவார்கள். 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகும். அந்தச் சூட்டைத் தாங்கும் பொலிமரேஸ், நமது கன்னியா வெந்நீர்க் கிணறுகளைவிட மிகச் சூடான அமெரிக்க வெந்நீரூற்றுகளில் வாழும் பற்றீரியாவிலிருந்து கிடைத்தது. தொடை எலும்பும் பற்களும் உட்காதைச் சூழ்ந்த கடின எலும்பும் டி.என்.ஏ.யை நீண்டகாலம் காக்கும்.

சேட்டைத் தோய்க்கவேண்டாம், வெயிலில் உலர்த்தவும் வேண்டாம். கழுத்துப் பட்டியிலும் கக்கத்திலும் தம்பியின் கலங்கள் இருக்கலாம். பொலித்தீன் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் வந்துவிடும். கையுறை போட்டு, சீப்பையும் சேட்டையும் வேறுவேறு கடதாசி உறைகளில் இட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். சீப்பில் வேரோடு வந்த மயிர் இருந்தால் பெறுமதி அதிகம், வெட்டிய மயிரில் பெரும்பாலும் இழைமணி டி.என்.ஏ.தான் கிடைக்கும்.

அம்மாவின் மாதிரியைச் சட்ட வைத்திய அதிகாரி போன்ற பொறுப்பானவர் முன்னிலையில் எடுப்பதே நீதிமன்றத்துக்கு நிற்கும். விரலில் குத்தி நாலைந்து துளியை அதற்கென்ற அட்டையில் விட்டு உலரவைத்தால், சாதாரண வெப்பநிலையிலேயே பல வருடம் நிற்கும். கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுப்பதானால் அம்மா அரை மணித்தியாலம் எதுவும் சாப்பிடக்கூடாது, வெற்றிலையும் கூடாது. வாய் கொப்பளித்தபின் பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு கன்னத்திலும் அரை நிமிடம் தேய்த்து, நிழலில் ஒரு மணித்தியாலம் உலரவிட வேண்டும். இரண்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு உறையின்மேலும் அம்மாவின் பெயர், தம்பியோடு உள்ள உறவுமுறை, எடுத்த திகதி, எடுத்தவரின் கையொப்பம் இருக்கட்டும். அந்த விவரங்களின் பிரதி ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.